கதவில் ஹெல்மெட் தொங்கிய ஊர்கள்

1

"அண்ணா, வீட்ல இருந்தே வேலை பாக்கறவங்களுக்கு எந்த நாட்ல எந்த ஊரு பெஸ்ட்டு?" என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டையில் உழைத்தவர்களின் பிள்ளைகள். லேப்டாப் கைக்கு வந்துவிட்டது, வேலையும் வந்துவிட்டது, இனி எந்த ஊரில் உட்கார்ந்து அதைச் செய்வது என்பதுதான் பாக்கி. நான் சில நாடுகளில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று நம்புகிறார்கள்.

விடைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எங்கே வாடகை குறைவு, எங்கே இணையம் வேகம், எங்கே விசா சுலபம், எங்கே காபி நன்றாக இருக்கும் என்று ஊர் ஊராக நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகவில்லை என்று எனக்குத் தோன்றும். ஆகியிருந்தாலும் பிள்ளை இருக்காது. நான் ஒரு ஊரை அளந்து பார்ப்பது ஒரே ஒரு பொருளை வைத்துத்தான். அது என் அப்பாவின் பழைய மஞ்சள் ஹெல்மெட்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரும்புக் கட்டடங்களின் வரைபடங்களைச் சரிபார்ப்பது. கனடாவில் டொரொண்டோ நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் செய்கிறேன். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அவர்கள் விழித்திருக்கும்போது நானும் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேயே வந்து இரு என்று அவர்கள் கூப்பிட்டதும் இல்லை, அதற்கான விசாவுக்கு என் ஒப்பந்தம் உதவுவதும் இல்லை. ஆகவே பினாங்கு, திபிலிசி, லிஸ்பன் என்று பெட்டி கட்டினோம். சேர்ந்தாற்போல் மேற்கே நகர்ந்துகொண்டே வந்திருக்கிறோம் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

இந்த வருஷம் ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. லிஸ்பனில் எங்கள் குடியிருப்பு அனுமதி முடிகிறது. மகள் இனியா பெரிய பள்ளிக்குப் போகவேண்டும். மனைவி கீதா திருநின்றவூர்க்காரி, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். "இதுதான் கடைசியா பெட்டி கட்றது. எந்த ஊர்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் நான் நகரமாட்டேன்" என்றாள். இரண்டே ஊர்கள்தான் மிச்சம் இருந்தன. ஒன்று கும்மிடிப்பூண்டி. இன்னொன்று அதற்கு நேரெதிரே, உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தது.

2

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள். என் நைனா ரோலிங் மில்லில் இருந்தார். பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக நீட்டும் வேலை. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நைனாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் சேற்றைவிட்டு சிமெண்ட் தரையில் நின்றவர். அந்த மரியாதைக்கு விலையாக அவருக்குக் கிடைத்தது நைட் ஷிப்ட். அது மாறவே இல்லை. நைட் ஷிப்ட்டுக்கு ஆள் கிடைக்காது, நைனா மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுத்துவிட்டால் அவருடைய ஹெல்மெட்டை வாசல் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவார்கள். ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா தெருமுனையில் தொண்டை கிழியக் கூவிக்கொண்டு வருவார். எங்கள் வாசலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் வந்து, "நெத்திலி கீது, ஓணுமா?" என்று ரகசியம்போலக் கேட்பார். அம்மாவும் ரகசியமாகவே பேரம் பேசுவாள்.

வீட்டுக்குள் குக்கர் விசில் கிடையாது, சோறு வடிப்பதுதான். ரேடியோ கிடையாது. நானும் தங்கையும் பாதத்தின் முன்பக்கத்தில் நடக்கப் பழகியிருந்தோம். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் எடுக்க ஒரு முறை உண்டு. கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுக்கவேண்டும். இன்றைக்கும் நான் எந்தக் கதவையும் அப்படித்தான் திறக்கிறேன். "பூனை மாதிரி வந்து நிக்காதீங்க, பகீர்னுது" என்று கீதா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் வெளிநாடு கிளம்பும்போது நைனா ரிட்டயர் ஆகியிருந்தார். மில் சத்தம் அவருடைய காதையும் கூடவே ரிட்டயர் ஆக்கிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். அவர் அந்த ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நைட் வேலைன்னு சொன்ன இல்ல? மாட்டிக்கோ. அங்க இருக்கறவனுக்கும் தெரியணும்."

அங்கே இருப்பவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

3

முதல் ஊர் பினாங்கு. டொரொண்டோவின் பகல் அங்கே முழு இரவு. விடியும்போது வேலையை முடித்து, கதவில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் படுப்பேன். எதிர்வீட்டுச் சீன அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, நான் கட்டட வேலைக்கு வந்த கூலியாள் என்று முடிவு செய்துவிட்டார். பாவம், கைக்குழந்தைக்காரன் என்று அடிக்கடி சூப் கொண்டுவந்து கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரியோ சிரி என்று சிரித்தார். அவருடைய கணவரும் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தவராம். அன்றிலிருந்து எங்கள் மாடிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவன்கூட உருட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தான். இட்லி கிடைக்கும், தமிழ் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும் ஊர் அது. பட்டியல் போடுகிறவர்கள் பினாங்குக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் இனியா நடக்கப் பழகியது அந்த வீட்டில்தான். முதலில் குதிகால் பதித்து நடந்த குழந்தை, போகப்போக முன்பாதத்தில் நடந்தாள்.

அடுத்தது ஜார்ஜியா நாட்டின் திபிலிசி. அங்கே என் வேலை மாலையில் தொடங்கி நடுஇரவு தாண்டும். பழைய கட்டடம், முற்றத்தில் திராட்சைக் கொடி, எல்லா வீட்டு மரப் பால்கனிகளும் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றன. ஹெல்மெட் தொங்கியதும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொத்தனார் குடிவந்திருக்கிறார் என்று முற்றம் முழுவதும் செய்தி. ஒழுகும் கூரை, உடைந்த படி, விரிசல் விட்ட சுவர் என்று ஒவ்வொருவராக வந்து என்னை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நான் கணினியில் வரைபடம் பார்ப்பவன் என்று சொன்னால், "அப்படியானால் இதையும் பாரேன்" என்றார்கள். கடைசியில் கீழ்வீட்டுக்காரரின் பால்கனிக்கு இரும்புத் தாங்கி ஒன்று நிஜமாகவே வரைந்து கொடுத்தேன். வீட்டில் செய்த வைன் ஒரு பெரிய ஜாடி நிறைய வந்தது. அன்பான மனிதர்கள், ஆனால் தூங்கவிடமாட்டார்கள்.

லிஸ்பனில் வேறு மாதிரி. மதியம் வேலை தொடங்கி ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டி முடியும். நான் இரவில் மற்றவர்களைப்போலத் தூங்கினேன். ஹெல்மெட்டுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மீட்டிங் நேரத்தில் யாரும் மணியடிக்க வேண்டாம் என்று மாட்டிவைத்தேன். கட்டடச் சங்கத்தின் தலைவர், மீசை நரைத்த பெரியவர், மறுநாளே வந்துவிட்டார். அனுமதி இல்லாமல் நான் சுவரை இடிக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இடிக்கவில்லை என்று உறுதியானதும் ஏமாற்றத்தோடு போனார்.

லிஸ்பனைக் கீதாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரையலாம் என்பாள். எனக்கும் பிடித்திருந்தது, அதற்குக் காரணம் கருவாடு. உப்புப் போட்டுக் காயவைத்த மீனை அங்கே கடை வாசலில் பலகை பலகையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போது பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறிய மாதிரி இருக்கும். வேண்டுமென்றே நாலு தெரு சுற்றிக்கொண்டு அந்த வழியாகப் போவேன்.

அரசாங்க அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் நிரந்தர முகவரி கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி என்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் எழுத்துக் கூட்டி எழுதுவார். கட்டத்துக்குள் அடங்காது. "இது ஒரே ஊரா, இரண்டு ஊரா?" என்று ஒருமுறை கேட்டார். ஒரே ஊர்தான் அம்மா, பெயர்தான் நீளம் என்றேன். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் மூன்று நாடுகளில் மூன்று விலாசம் எழுதியிருக்கிறேன். நிரந்தரம் என்ற கட்டத்தில் மட்டும் கை மாறி எழுதியதே இல்லை. அங்கே நைனா தனியாக இருந்தார். அம்மா இறந்துவிட்டாள். தங்கை ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, முடிந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

4

இனியாவின் பிறந்தநாள் அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். மதியம் மேசையில் கேக் வைத்து, கீதா பலூன் ஊதி, நான் கேசரி கிளறி, அவள் பள்ளியிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தோம். தோழிகள் இரண்டு பேரை அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தாள். வழக்கமாக வரும் நேரம் தாண்டிப்போயிற்று. கீதா ஜன்னலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தாள். போன் அடித்தால் எடுக்கவில்லை.

தேடிப்போகலாம் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் ஏதோ கீழே விழுந்து படியில் உருண்டது. ஹெல்மெட். முந்தைய நாள் மீட்டிங்குக்கு மாட்டியதை எடுக்க மறந்திருக்கிறேன்.

அது உருண்டு போய் நின்ற இடத்தில், மாடிப்படி வளைவில், மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தோழிகள் வாங்கிவந்த சின்ன கேக். பிறந்தநாள் பாட்டைப் போர்த்துக்கீசிய மொழியில், உதடு மட்டும் அசைய, மூச்சுக்காற்றில் பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்துவிடக் கூடாது என்று இனியா ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"சாரிப்பா, மீட்டிங்ல தொந்தரவு பண்ணிட்டோமா?"

"இல்லடா, அப்பா லீவு. உள்ளதான் இருக்கேன். மணி அடிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஹெல்மெட் இருந்துச்சே" என்றாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று கேக் வெட்டினோம், படம் எடுத்தோம், எல்லாம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குள் உரக்கப் பேச மிகவும் கூச்சப்பட்டார்கள். அவர்கள் போனபிறகு கீதா பலூன்களை அவிழ்த்துக்கொண்டே, "இவளுக்கு வாய்விட்டுக் கத்தவே தெரியல, கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்திருக்கவேண்டியவன் நான்தான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

5

கோடை விடுமுறைக்குக் கும்மிடிப்பூண்டி போனோம். ஒரு மாதம் அங்கிருந்தே வேலை செய்து பார்ப்பது என்று திட்டம். ஒத்துவந்தால் அதுதான் எங்கள் ஊர். அதை நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஜி.என்.டி. ரோட்டின் லாரிப் புழுதியும் இரும்புத்தூள் வாசனையும் மூக்கில் ஏறியதும், எத்தனை ஊர்க் காபி குடித்திருந்தாலும் இதுதானடா காற்று என்று தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், டாக்சியில் கண் கலங்கிவிட்டேன்.

தெரு மாறியிருந்தது. லைன் வீடுகள் எல்லாம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகை அறைகள் ஆகிவிட்டன. ஒரு ஷிப்ட்காரர் எழுந்த பாயில் அடுத்த ஷிப்ட்காரர் படுக்கிறார். எல்லா வீட்டிலும் எப்போதும் யாரோ தூங்குவதால் யாரும் ஹெல்மெட் மாட்டுவதில்லை. எங்கள் வீட்டுக் கதவில் மாட்டியதும், அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் போகிற வருகிறவர்கள் நினைத்தார்கள்.

அங்கே என் வேலை சாயங்காலம் தொடங்கும், முடிய நள்ளிரவு தாண்டிவிடும். விடியும் முன் படுத்தால் முற்பகல்வரை தூங்கியாக வேண்டும். நான் தூங்குவதற்காக நைனா ஒரு காரியம் செய்தார். பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டார். யார் வந்தாலும், எந்த வண்டி ஹாரன் அடித்தாலும், கையை ஆட்டிச் சத்தம் போடாதே என்று தடுப்பார். அவருக்குத்தான் காது கேட்காதே. தன் குரல் எவ்வளவு பெரியது என்பதே அவருக்குத் தெரியாது.

"யோவ், மெதுவாப் போயா! மவன் தூங்கினுகீறான்! நைட்டெல்லாம் வேலை அவனுக்கு!"

அந்தத் தெருவிலேயே பெரிய சத்தம் அதுதான். நான் திடுக்கிட்டு எழுந்து, யாருக்காகக் கத்துகிறார் என்று புரிந்து, மறுபடி படுத்துக்கொள்வேன். சிரிப்பு வரும், தூக்கம் வராது.

இன்னொரு சத்தமும் கேட்டது. அது இனியாவின் சத்தம். தாத்தாவோடு பேசவேண்டுமென்றால் கத்தியாக வேண்டும். முதல் இரண்டு நாள் அவர் முகத்தருகே போய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர், "இன்னாது? இன்னா சொல்ற பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது.

"தாத்தா! பசிக்குது! நாஷ்டா வாங்கினு வரலாம் வா!"

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் மகளின் முழுக் குரலை அன்றுதான் கேட்டேன். அதற்கு அப்படி ஒரு கணீர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "அட, இப்ப கேக்குது பாரு" என்று நைனா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு கடைக்குப் போகும் வழியெல்லாம் கத்திக்கொண்டே போனார்கள். அவள் தமிழ் நாளுக்கு நாள் நைனாவின் தமிழாக மாறியது. கீதா முதலில் முகம் சுளித்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் இதையெல்லாம் படுத்தபடி கேட்டேன், பாதித் தூக்கத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து.

ஒரு சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனோம். லீவு நாள், நான் விழித்திருக்கலாம். ஆனால் உடம்புக்கு லீவு தெரியவில்லை. வேன் கிளம்பியதும் தூங்கிவிட்டேன். அவர்கள் இறங்கி, சாமி கும்பிட்டு, குளக்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு வந்தார்கள். எழுப்பிப் பார்த்தார்களாம், எழவில்லையாம். கீதா எடுத்த படங்களில் எல்லோரும் இருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் நான் இருக்கிறேன், வேன் ஜன்னலுக்குள் வாயைப் பிளந்துகொண்டு.

6

நாங்கள் வந்த காரியத்தைப் பற்றி நைனா பேசியது அதற்குப் பிறகுதான். ஒரு சாயங்காலம், நான் வேலையில் உட்காரும் முன், டீயை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். இந்தப் பேச்சு முழுவதையும் நான் கத்தித்தான் பேசினேன், ஆகவே தெருவுக்கும் தெரியும்.

"எப்ப டிக்கெட்டு?" என்றார்.

"இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன் நைனா."

"இருந்து?"

"இருந்து இன்னா... உன்னப் பாத்துக்கலாம். பாப்பாவும் இங்க நல்லா பேசுது."

"நீ எங்கடா என்னப் பாத்துக்கற? நாந்தான் உன்னப் பாத்துக்கினுகீறேன். காலைலேர்ந்து வாசல்ல குந்திக்கினு ஊர்க்காரன்கிட்டல்லாம் சண்டை போட்டுக்கினு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீயை ஆற்றினார்.

"குமாரு, நீ எப்ப வளந்தன்னு எனக்குத் தெரியாது. நா தூங்கினே இருந்தேன். ஒருநாள் முழிச்சிப் பாக்கறேன், உனக்கு மீசை கீது."

"அதுக்கு இன்னா பண்றது நைனா. மில்லு அப்படி."

"அத்தத்தான் சொல்றேன். மில்லு எங்க கீதோ அங்க நா போனேன். எனக்கு வேற வழி இல்ல. உனுக்கு இன்னா பேஜாரு? உன் மில்ல நீயே பையில போட்டுத் தூக்கினு போற. அத்த எங்க வெச்சா பகலோ, அங்க போய் வெய்யி."

அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கீதா சொல்லியிருக்கிறாள். கொலம்பியா நாட்டில் மெதெயின் என்ற ஊர். டொரொண்டோவில் விடிந்தால் அங்கேயும் விடியும். காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் மகள் பள்ளியிலிருந்து வரும்போது எழுந்துவிடலாம். நான்தான் அந்த ஊரின் பேச்சை எடுக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் எளிது. அங்கே விடியும்போது கும்மிடிப்பூண்டியில் பொழுது சாயும். அதைவிடத் தூரமாகப் போகவேண்டுமானால் திரும்பி வரத்தான் வேண்டும்.

"நீ தனியா இருப்பியே" என்று கத்தினேன். அதைக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. எதிர் அறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நா இன்னா, ரிட்டயர்டு. நாள்பூரா முழிச்சினுதான் கீறேன். போன் பண்ணு. பாப்பாவ விட்டுப் பேசச் சொல்லு, உன் கொரலு எனக்கு சரியா கேக்கல."

இனியா ஒப்புக்கொள்ளவில்லை. லிஸ்பனைவிட்டுப் போவதைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு அழவில்லை. "தாத்தா வீட்லயே இருக்கலாம்பா. நான் இங்கயே படிக்கறேன். நீ தூங்கு, பரவால்ல, எனக்கு பழகிடுச்சி" என்றாள். பழகிவிட்டது என்று அவள் சொன்ன அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முடிவாயிற்று. நானும் அதே தெருவில், அதே வயதில், யாரும் கேட்காமலேயே பழகிக்கொண்டவன்தான்.

கிளம்பும் நாளில் பெட்டியில் ஹெல்மெட்டை வைத்தேன். நைனா அதை எடுத்து வெளியே வைத்தார்.

"பகல்ல வேலை செய்யறவனுக்கு இது எதுக்கு? வெச்சிட்டுப் போ."

7

இப்போது மெதெயினில் இருக்கிறோம். மலைகளுக்கு நடுவே செங்கல் நிற ஊர். எந்த மாதமும் ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை, ஒரே வானிலை. எனக்கு ஸ்பானிஷ் வரவில்லை. காய்கறிக் கடையில் போர்த்துக்கீசியத்தில் கேட்டு, கை ஜாடையில் வாங்கி வருகிறேன். இனியா என்னைக் கடைக்குத் தனியாக அனுப்பவே பயப்படுகிறாள். காலையில் மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். அவள் பள்ளியிலிருந்து வரும்போது நான் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். "தினம் வரவேணாம்பா, வெக்கமா இருக்கு" என்கிறாள். வாட்ஸ்அப் தம்பிமார்களே, எந்த ஊர் பெஸ்ட் என்று கேட்டீர்கள். உங்கள் பிள்ளை விழித்திருக்கும்போது நீங்களும் விழித்திருக்கிற ஊர். இதைத்தான் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதில் உங்களைப் பெற்றவர்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதை நான் எழுதுவதில்லை. அது எனக்கே எழுத வரவில்லை.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் இனியா தாத்தாவுக்கு வீடியோவில் பேசுவாள். அங்கே சாயங்காலம். எதிர் அறையில் இருக்கும் ஒடிசாக்காரர் போனைப் பிடித்து ஆன் செய்து கொடுப்பார். வாசலில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நைனா பேசுவார். இவள் இங்கிருந்து கத்துவாள். மாடிவீட்டுக்காரர்கள் இரண்டு முறை வந்து, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் வாசல் கதவு தெரிந்தது. தாழ்ப்பாளில் மஞ்சளாக ஏதோ தொங்கியது.

"நைனா, கதவுல இன்னா அது?" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி இருந்தார். இனியா போனை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினாள்: "தாத்தா! அப்பா கேக்கறாரு! ஏன் ஹெல்மெட் மாட்டி இருக்கு? யாரு தூங்குறா?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அதுவா? யாரும் தூங்கல பாப்பா. காலைல மாட்டுவேன், நீங்க போன் பண்றதுக்கு முன்ன எடுத்துடுவேன். இன்னிக்கி மறந்துட்டேன்."

"எதுக்கு மாட்டற?"

வழக்கத்தைவிட மெதுவாக, எங்களுக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற மாதிரி சொன்னார்.

"அது தொங்கினா, உங்கப்பன் உள்ள தூங்கினுகீறான்னு இருக்கும் எனக்கு."

இனியா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில், மூச்சுக்காற்றில், "சரி தாத்தா" என்றாள். அது அவருக்குக் கேட்டிருக்காது.